திருஷ்டிக்கு ஓர் அழகன்

திண்டிவனத்தில் அமாவாசைக்கு முந்தின நாள் பூசணிக்காய் வாங்கக் கிளம்புகிறவர்கள், "கோணவாயி கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். கடைக்காரியின் பெயர் தையல்நாயகி. அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டவள் அவளைப் பெற்ற ஜெயம் ஒருத்திதான். கோணவாயி என்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லையாம்; சும்மா அடையாளத்துக்குச் சொல்கிறார்களாம். அதே அடையாளத்துக்கு அவர்களைச் சொட்டை என்றோ தொப்பை என்றோ ஒருநாள் கூப்பிட்டுப் பாருங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.

சின்ன வயதில் அவளுக்கு இடது காதில் சீழ் வடிந்தது. ஜெயம் களை வெட்டப் போகிறவள். ஒருநாள் கூலியை விட்டால் அன்றைக்கு உலை வைக்க முடியாது என்பதால் எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பார்த்தாள், பச்சிலை பிழிந்து பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது சீழ் உள்ளே போய் முகத்து நரம்பைத் தின்றிருந்தது. அறுத்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இடது பாதி முகம் மட்டும் அப்படியே நின்றுபோனது. சிரித்தால் வாய் வலது பக்கமாக ஓடும். பேசினால் சில எழுத்துகள் உதட்டில் நிற்காமல் வழுக்கும். இடது கண் மூடாது, தூங்கும்போதுகூடப் பாதி திறந்தே கிடக்கும்.

அந்த மூடாத கண்தான் பெரிய வம்பாகப் போயிற்று. அவள் தெருவில் வந்தால் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறவள் கிண்ணத்தை முந்தானையால் மூடுவாள். பச்சைப்பிள்ளைக்காரி கதவைச் சாத்துவாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவளுக்குக் கொடுத்தது அரக்கி வேஷம். "இவளுக்கு மேக்கப் செலவு மிச்சம்" என்று வாத்தியார் மேடையிலேயே சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், அப்போது அவளுக்கு விவரம் போதாது. விவரம் வந்த பிறகு அந்தக் கைதட்டலை நினைத்து நினைத்துக் கொதித்தாள்.

அவளுக்குக் கை நன்றாக ஓடும். கரித்துண்டோ சாக்பீஸோ எது கிடைத்தாலும் ஒரு முகம் போட்டுவிடுவாள், அது இன்னாருடைய முகம் என்று பார்த்த உடனே தெரியும். மார்க்கெட் ஓரத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து விற்கிற காந்திமதி ஓர் ஆயுத பூஜை சமயத்தில், "தையலு, சும்மா குந்தினு இருக்கியே, இந்தப் பூசணிக்கா மேல மூஞ்சி வரையேன், வாங்கறவன் ஜல்தியா வாங்கிக்கினு போவான்" என்றாள். அப்படி ஆரம்பித்த தொழில். காந்திமதி கடையில் படிகாரம், கறுப்புக் கயிறு, எலுமிச்சை. பக்கத்திலேயே சாக்கு விரித்து தையல்நாயகியின் பூசணிக்காய்கள். அமாவாசைக்குக் கடைக்காரர்கள் அதை வாங்கிச் சூடம் ஏற்றிச் சுற்றி முச்சந்தியில் உடைப்பார்கள், வீடு கட்டுகிறவர்கள் வாசலில் தொங்கவிடுவார்கள். கண் பட்டுவிடும் என்று யாரைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்களோ அவளிடமே கண் திருஷ்டிக்குக் காய் வாங்கினார்கள். இதில் இருக்கிற கூத்து வாங்கினவர்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவளுக்கும் ஒன்று உறைக்காமலே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போட்டோ வேண்டும் என்றார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவீன்குமாரின் போட்டோ கடை. போட்டோவும் எடுப்பான், ஃபிளெக்ஸ் பேனரும் அடிப்பான். அவன் அழகன், இல்லையென்று சொல்ல முடியாது. அலையலையாகச் சீவின முடி, திருத்தின தாடி, இடது கன்னத்தில் குழி. ஊரில் யார் காது குத்துக்குப் பேனர் அடித்தாலும் கீழே ஒரு மூலையில் கூலிங் கிளாஸைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அவன் சிரிப்பான். அன்றைக்கு மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். "குந்துங்கக்கா. நேரா பாருங்க. கண்ண சிமிட்டாதீங்க" என்றவன், சொன்ன பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு தானே சிரித்தான். ரவிக்கையில் கொக்கி விட்டுப்போன இடத்தில் அவள் ஊக்கு குத்தியிருந்தாள். அது படத்தில் தெரியுமா என்று கேட்டாள். "தெரியாதுக்கா" என்றான்.

தெரிந்தது.

மூடாத கண் காய்ந்து எரியும் என்பதால் மருந்து வாங்க அவள் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கம். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டி தாண்டும்போது, பாதி கட்டி நிற்கிற ஒரு மாடிவீட்டின் முகப்பில் அவளே தொங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்தாள். கட்டில் சட்டம் அளவுக்கு ஃபிளெக்ஸ் பலகை. தலையில் கொம்பு, வாயிலிருந்து மார்பு வரை தொங்குகிற சிவப்பு நாக்கு, காதில் மண்டையோட்டுத் தோடு. அதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை. மற்றதெல்லாம் அவள். இழுத்த வாய் அவளுடையது, மூடாத கண் அவளுடையது, கழுத்துக்குக் கீழே அந்த ஊக்குகூட அப்படியே இருந்தது. காவலுக்கு இருந்த ஆள் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இரண்டடி பின்னால் போனான். "எங்க வாங்கனீங்க இத்த?" என்று கேட்டாள். "திண்டிவனத்துலதாம்மா. எல்லாரும் இதான் வாங்கறாங்க. சோக்கா வேல செய்யுதாம்" என்றான்.

மருந்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எதிர்ப் பக்கம் பஸ் ஏறினாள். வழி நெடுக வெளியே பார்த்தாள். வரும்போது கண்ணில் படாததெல்லாம் இப்போது பட்டது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை ஒன்றில் கழியில் கட்டி நின்றாள். ஒரு டயர் கடைக்கு மேலே நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கினாள். புதுசாகப் போட்ட பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் இரண்டு தையல்நாயகிகள்.

நேராக பிரவீன்குமார் கடைக்குப் போனாள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அவள் கேட்டாள், குரல் உடைந்து பாதி எழுத்து வழுக்கினது. அவன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"யக்கா, கத்தாதீங்க. அது நீங்கன்னு எவன் சொன்னான்? கம்ப்யூட்டர்ல வரைஞ்சது."

"என் மூஞ்சிடா அது. என் ஊக்குடா."

"சரி. போலீஸுக்குப் போங்க. போயி, கொம்பு வெச்சுக்கினு நாக்க தொங்கவுட்டுக்கினு ஒரு பேய் இருக்குதே, அது நான்தான் சார்னு சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் என்ன சொல்வது? ஆமாம் என்றால் பேய் தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் பலகை தொங்கிக்கொண்டே இருக்கும். அவன் அதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தான். "உங்க மூஞ்சியால ஊரு நல்லா இருக்குதுன்னு புண்ணியமா நெனச்சுக்கோங்க" என்று வாசல் வரை வந்து வேறு சொன்னான்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். ஜெயம் கேப்பை மாவு கரைத்துக்கொண்டிருந்தவள், கையை எடுக்காமல் கரைத்துக்கொண்டே இருந்தாள். ஆச்சரியப்படவில்லை. அதுதான் தையல்நாயகிக்குப் பயமாக இருந்தது.

"உனுக்குத் தெரியுமா?"

"சீனுவாசன் கொல்லையில கட்டிக் கீது" என்றாள் ஜெயம். "அதுங்கீழதான் களை வெட்டிக்கினு வர்றேன். மொத நாளு என் துண்ட எடுத்துப் போட்டு மூடனேன். ஓனரு வந்து எடுத்துக் கடாசிட்டாரு. பன்னி வராம இருக்கக் கட்டனா மூடுறியேன்னு திட்டனாரு. கூட வேல செய்யறவளுங்க ஒருத்தியும் வாயத் தொறக்கல. உன்னாண்ட எப்படிச் சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

பெற்ற பெண்ணின் முகத்துக்குக் கீழே குனிந்து களை வெட்டிவிட்டு, சாயங்காலம் வந்து அதே பெண்ணுக்குக் கூழ் ஊற்றியிருக்கிறாள். தையல்நாயகி அழவில்லை. அவளுக்கு அழுகை வருகிற இடத்தில் வேறு ஒன்று வந்தது. அந்த நாய்க்கு இதைத் திருப்பிக் கொடுக்காமல் ஓயப்போவதில்லை, பலகை ஒவ்வொன்றையும் அவன் கையாலேயே இறக்க வைக்காமல் விடப்போவதில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் வயிற்றுக்குள் ஒரு சூடு பரவினது. அது நல்லாவும் இருந்தது.

ஆடி அமாவாசை வந்துகொண்டிருந்தது. காய்களைத் துடைத்து வரிசையாக வைத்து, பிரஷ்ஷை எடுத்தாள். பழக்கப்படி கை தானாகவே முதல் கோட்டைப் போட்டது. பிதுங்கின கண், மாறுகண், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட வாய். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அவள் விற்றதும் இதே வாய்தான். "இன்னும் கோரமா போடும்மா" என்று கேட்கிறவனுக்கெல்லாம் வாயைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறாள். பிரவீன்குமார் வானத்திலிருந்து ஒன்றும் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. கெட்டது என்றால் கோணலாக இருக்கும் என்று ஊருக்குத் தெரியும், அந்த ஊருக்கு அமாவாசை தவறாமல் வரைந்து காட்டினவள் அவள். அந்தக் காயைத் தூக்கி ரோட்டோரம் வீசினாள். காந்திமதி, "இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்று கேட்டாள்.

"யக்கா, உன் யாவாரத்தப் பாத்து வயிறெரியறவ எப்படி இருப்பா?"

"யாரு? எங்க ஓரகத்தியா? பட்டுப்புடவ கட்டிக்கினு, பூ வெச்சுக்கினு, நல்லா இருக்கியாக்கான்னு கேட்டுக்கினுதான் வருவா சிறுக்கி."

"அப்பறம் எதுக்கு நான் கோண வாய வரையறேன்?"

அடுத்த காயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அலையலையாக முடி போட்டாள். திருத்தின தாடி போட்டாள். கூலிங் கிளாஸைத் தலைமேல் ஏற்றிவிட்டாள். இடது கன்னத்தில் ஒரு குழி வைத்தாள். பல் வரிசை முத்துமுத்தாகத் தெரியச் சிரிக்கவிட்டாள். இவ்வளவு அக்கறையாக அவள் எந்த முகத்தையும் வரைந்ததில்லை. வெறுப்பில் வருகிற நுணுக்கம் பிரியத்தில் வராது போலிருக்கிறது.

முதலில் வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "இன்னாம்மா இது, மாப்ள கணக்கா கீறான்? திருஷ்டிக்குக் கோரமா வாணாமா?"

"ஏங்க, உங்க கடைமேல கண்ணு வெக்கறவன் கொம்போடவா வர்றான்? இஸ்திரி சட்ட போட்டுக்கினு, சிரிச்சுக்கினு, கைகுடுத்துக்கினு வர்றான். அவன் மூஞ்சிய ஒடைங்க."

கேட்டவருக்கு யாரோ ஞாபகம் வந்துவிட்டார்கள். மெதுவாகச் சிரித்தார். "மெய்யாலுமே சரிதாம்மா" என்று இரண்டு காயாக வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பேச்சு பரவினது. வருகிற ஒவ்வொருத்தருக்கும் மனசில் ஒரு சிரித்த முகம் இருந்தது, பங்காளியோ மச்சானோ பக்கத்துக் கடைக்காரரோ. தங்கள் ஆளின் ஜாடையில் வரைந்து தரக் கேட்டார்கள். தையல்நாயகி மாட்டேன் என்றுவிட்டாள். "இந்த ஒரு மூஞ்சிதான். எல்லாருக்கும் இதுவே ஆவும்."

அமாவாசை அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடைவீதியில் ஒவ்வொரு வாசலிலும் சூடம் எரிந்தது. காயைச் சுற்றி நடுரோட்டில் ஓங்கி உடைத்தார்கள். குங்குமம் வழிய அலைமுடி ஒரு பக்கம் போயிற்று, பல்வரிசை ஒரு பக்கம் போயிற்று. பஸ் ஏறி நசுக்கினது, ஆட்டோ ஏறி நசுக்கினது. தையல்நாயகி சாக்கின்மேல் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டாள். அவளைப் போல அன்றைக்குத் திண்டிவனத்தில் சந்தோஷமாக இருந்தவர் யாரும் இல்லை. பழி வாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று சொல்கிறவர்கள் பழி வாங்கிப் பார்க்காதவர்கள். அவளுக்கு இனித்தது.

ஊருக்குக் கண் இருக்கிறதே. டீக்கடையில் யாரோ ஒருத்தன் மேலே பேனரையும் கீழே காயையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறான். மறுநாளே பிரவீன்குமார் பைக்கில் போனால், "டேய், நேத்து உன்ன நல்லா ஒடைச்சோம்டா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவனுக்கு ஊர் வைத்த புதுப் பெயர் 'பூசணி'. அடையாளத்துக்குத்தான், வேறொன்றும் இல்லை.

அவன் வந்து நின்றபோது காந்திமதி படிகாரம் கட்டிக்கொண்டிருந்தாள். "எம்மூஞ்சிய எதுக்குடி வரைஞ்ச?" என்று பாய்ந்தான். அக்கா எல்லாம் போய்விட்டது.

தையல்நாயகி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "உன் மூஞ்சியா தம்பி? யாரு சொன்னா? நான் சும்மா ஒரு பூசணிக்காமேல வரைஞ்சேன். அது நீதான்னா போலீஸுல போயி சொல்லேன். ஊரே ஒடைக்குதே ஒரு காயி, அது நான்தான் சார்னு."

மார்க்கெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் ஒரு காயை உதைத்துவிட்டு, "உன் கடைய இங்க வெக்க வுட்டா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்று சொல்லிவிட்டுப் போனான். பலகைகள் இறங்கவில்லை. சொல்லப்போனால் புதுசாக நாலு இடத்தில் ஏறின. அவளுடைய சூடும் தணியவில்லை.

ஒருநாள் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். அமாவாசைக்கு வரைந்த காயெல்லாம் விற்றிருந்தது, சாக்கில் வெறும் காய்கள்தான் கிடந்தன. இருந்ததிலேயே பெரிதாக ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்தார்.

"உன் காயிதான் ராசின்னு ஊரே சொல்லுதும்மா. விழுப்புரத்துல எம்புள்ள புதுக்கடை தொறக்கறான். இதுல நல்லா வரைஞ்சு வையி. சாயங்காலம் எடுத்துக்கறேன்."

"இன்னா கடைங்க?"

"போட்டோ கடைதான். இங்க பஸ் ஸ்டாண்டாண்ட வெச்சிருக்கானே பிரவீன்குமாரு, அவன்தான். நான் வெங்கடாசலம். திருவாமாத்தூர்ல சொந்தமா பயிர் வெச்சுக்கினு கீறேன்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாயின் வழுக்கலுக்குக் காதைக் கொடுத்துக் கேட்டார். அவள் மனசு ஒரு கணம் இடறியது உண்மை. இந்த மனுஷன் என்ன பாவம் செய்தார் என்று நினைத்தாள். பிறகு ஜெயம் துண்டைப் போட்டு மூடின காட்சி வந்தது. ஜெயம் மட்டும் என்ன பாவம் செய்தாள்?

மத்தியானம் சோற்றுக்கு எழுந்திருக்காமல் வரைந்தாள். அந்தக் காயில் இருந்தது ஜாடை இல்லை, ஆளே. சிரிப்பில் அவன் கடைவாசலில் நின்று சொன்ன புண்ணியம்கூடத் தெரிந்தது. பெயிண்ட் காய்ந்ததும் மஞ்சள் துணியில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். பெரியவர் வந்தபோது, "சூடம் ஏத்தறப்பதான் பிரிக்கணுங்க. அதுக்கு முன்ன யார் கண்ணும் படக்கூடாது" என்றாள். அப்படி ஒரு சாஸ்திரமும் கிடையாது. அவர் பயபக்தியாகத் தலையாட்டி வாங்கிப் போனார். காந்திமதி முகவாயில் கை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி" என்றாள். பிறகு, "நானும் வர்றேன்" என்றாள்.

விழுப்புரத்தில் கடைத் திறப்பு அன்று வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, தெரு அடைக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலின் இரண்டு பக்கமும் பிரவீன்குமார் பனைமர உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றான். எதிர்ப் பக்கத்தில் தையல்நாயகியும் காந்திமதியும் நின்றார்கள். பட்டு கட்டின ஓர் அம்மாள் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல இந்த மூஞ்சி எதுக்கால நிக்குது, யாராவது நவுரச் சொல்லுங்க" என்றாள். ஒருத்தன் வந்து சொன்னான். அவள் நகரவில்லை. ரோடு யார் அப்பன் வீட்டுது என்று காந்திமதி கேட்டாள், அவன் போய்விட்டான்.

வெங்கடாசலம் கடைவாசலுக்கு வந்தார். படியில் உட்கார்ந்து மஞ்சள் துணியை மடிமீது வைத்து முடிச்சை மட்டும் அவிழ்த்தார். பூசணிக்காயின் தலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். இரண்டு கையிலும் ஏந்தித் தூக்கிச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் துணி நழுவி முகம் கூட்டத்துக்குத் தெரிந்தது. மேளக்காரர் முதலில் பார்த்தார், மேளம் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு மொத்தப் பந்தலும் சிரித்தது. செல்போன்கள் மேலே எழும்பின.

பெரியவர் காயைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஒடைங்கப்பா. வெறும் காயிதான" என்றான் பிரவீன்குமார். முகம் வெளுத்திருந்தது.

"எம்புள்ள மூஞ்சிடா" என்றார் அவர். "இத்த எப்படிடா நான் தரையில போடுவேன்?"

"நேரம் போய்க்கினு இருக்குது. குடுங்க, நான் ஒடைக்கறேன்" என்று பிடுங்கினான். தலைக்கு மேல் தூக்கினான். அத்தனை செல்போனும் அவனையே பார்த்தன. சொந்த முகத்தைச் சொந்தக் கையால் நடுத்தெருவில் அடிப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். கை நடுங்கினது. சூடம் எரிந்து எரிந்து, காயின் தலையில் கருப்பாக ஒரு வட்டத்தை விட்டு அணைந்தது. உடைக்கும் முன் சூடம் அணைந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டு அம்மாள் "ஐயோ" என்றாள்.

தையல்நாயகி ரோட்டைத் தாண்டி வந்தாள். "குடு தம்பி. நான் ஒடைக்கறேன். எனக்கு ஒண்ணும் கை நடுங்காது."

வெங்கடாசலம் குறுக்கே வந்து காயை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "வாணாம்மா. உன்னக் கும்புட்டுக் கேக்கறேன். நீதான வரைஞ்ச? எதுக்கும்மா இப்படி செஞ்ச?"

காந்திமதி கையில் கொண்டுவந்திருந்த ஃபிளெக்ஸ் சுருளைப் பிரித்துப் பிடித்தாள். பிரவீன்குமார் கடைச் சரக்கு, வேறோர் ஆளை விட்டு வாங்கினது. கொம்பு, நாக்கு, ஊக்கு. பெரியவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். திருவாமாத்தூர் போகிற வழியில் இதைத் தினம் பார்த்திருக்கிறார். அவர் கொல்லையிலேயே ஒன்று நின்றது. "கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுன்னு சொன்னியேடா" என்றார்.

"உங்களால ஒரு காய ஒடைக்க முடியல" என்றாள் தையல்நாயகி. எழுத்துகள் வழுக்கின, யாரும் சிரிக்கவில்லை. "எங்கம்மா இதுங்கீழ நின்னு களை வெட்டறா. துண்டப் போட்டு மூடனா, அதக்கூட வுடல. உங்களுக்கு மட்டும்தான் புள்ளைங்களா? எங்கெங்க என் மூஞ்சி தொங்குதோ அங்கெல்லாம் அவனே ஏறி அவனே எறக்கணும். வேற ஆள வுடக்கூடாது. எறக்க வுடமாட்டேன்னு எவனாவது சொன்னா, அந்த எடத்துல இவன் படத்த அடிச்சுக் கட்டணும். இதே சிரிப்போட."

"பைத்தியமா நீ?" என்றான் பிரவீன்குமார்.

வெங்கடாசலம் காயைக் கீழே வைக்காமலே ஒரு கையால் அவன் கன்னத்தில் அறை விட்டார், சரியாகக் குழி விழுகிற கன்னத்தில். "எறக்குடா" என்றார். "கடைசிப் பலகை எறங்கற வரைக்கும் இந்தக் கடை தொறக்காது. எடம் என் பேருல கீது."

பிறகு நடந்ததை நேரில் பார்த்தவர்கள் நிறைய. பைக்கின் பின்னால் ஏணியைக் கட்டிக்கொண்டு பிரவீன்குமார் திருவாமாத்தூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே அலைந்தான். மாடிவீட்டில் ஏறினான், டயர் கடையில் ஏறினான், பெட்ரோல் பங்குக்காரரிடம் திட்டு வாங்கினான். ஏறுகிற இடமெல்லாம் பையன்கள் கூடி "பூசணி" என்று கூப்பிட்டார்கள். இறக்கினதையெல்லாம் தையல்நாயகியின் கடையில் கொண்டுவந்து போட வேண்டும் என்பது பெரியவரின் உத்தரவு. அவள் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று தோன்றினது: கொம்பையும் நாக்கையும் கழித்தால் அது நல்ல போட்டோதான். நேராகப் பார்க்கிறாள், பயமில்லாமல் பார்க்கிறாள்.

கடைசியில் சீனுவாசன் கொல்லை. அவர் ஒரே பிடியாக மறுத்தார். "இத்தக் கட்டனதுலருந்து பன்னி எட்டிப் பாக்கல. மல்லாட்ட பிஞ்சு வெக்கற நேரம். எறக்கிட்டுப் போனா நாளைக்கி உங்கப்பனா வந்து காவல் இருப்பான்?" பிரவீன்குமார் கெஞ்சிப் பார்த்தான். தையல்நாயகி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் மறுநாள் அவன் ஒரு சுருளோடு வந்தான். ஏணி சாய்த்து ஏறி அவளை அவிழ்த்தான். அலைமுடியும் கூலிங் கிளாஸும் கன்னத்துக் குழியுமாகத் தன்னை அதே கழியில் கட்டினான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

சீனுவாசன் அண்ணாந்து பார்த்தார். "பரவால்லடா. பன்னிக்கு மூஞ்சியப் பத்தி இன்னா தெரியப்போவுது" என்றார்.

களை வெட்டுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். ஜெயம் சிரிக்கவில்லை. களைக்கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏணியின் அடிக்கு வந்தாள். அவன் ஒதுங்கிப் போகப் பார்த்தான். வழியை விடாமல் நின்றாள்.

"கெட்டியா கட்டனியா தம்பி?"

"கட்டிட்டேம்மா" என்றான்.

"நல்லது. நாளைக்கி இந்தப் பக்கத்துப் பாத்திக்கு ஆளு பத்தல. உங்கம்மாவ அனுப்பி வையி. இதுங்கீழ ஒரு நாளு குனிஞ்சு களை வெட்டிட்டுப் போவட்டும்."